பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ்

சென்னையில் பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் தருவது மாநகராட்சி அல்ல, அரசின் மாநகர் போக்குவரத்துக் கழகம். மயிலாப்பூர், அடையாறு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அங்கிருந்துதான் வருகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு இது உண்டு. டிப்போவுக்கு அலைய வேண்டாம். கேட்கும் விவரங்களைப் பள்ளியில் கொடுத்தால் தலைமையாசிரியர் வழியாகவே கிடைக்கும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் புதிய பாஸ் வரச் சற்று நாளாகும். அதுவரை பழைய பாஸைக் காட்டியோ சீருடையிலோ பயணம் செய்யலாம் என்று அரசு அறிவிப்பது வழக்கம். நடத்துநர் கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் சொல்லட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்கள் அனைவருக்கும் இலவசம். கூட வரும் தாய்க்கும் கட்டணம் இல்லை. எட்டாம் வகுப்போடு மகளை நிறுத்த நினைக்கும் பெற்றோர் பஸ் செலவைக் காரணமாகச் சொல்ல இனி இடமில்லை. முஸ்லிம் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோபார்ட் பள்ளி இன்று அரசுப் பள்ளியாக ராயப்பேட்டையிலேயே இருக்கிறது. மயிலாப்பூருக்கு அது தூரமும் இல்லை.

ஆண் பிள்ளைகளுக்கோ பாஸ் மட்டும்தான். பள்ளியில் விவரம் கேட்கும் அன்றே கொடுத்துவிடுங்கள்.