பென் அலெக்சாண்டர் பள்ளி

பென் அலெக்சாண்டர் பள்ளி ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஓர் அரசுப் பள்ளி ஆகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உதவியுடன் 2001 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பள்ளியில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப்படுகின்றது. நலிவுற்ற நகரப் பள்ளிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு உதவலாம் என்ற விவாதத்தில் இப்பள்ளி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. பெயரில் மாநிலம் இடம்பெற்றாலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒரு தனியார் பல்கலைக்கழகம் என்பது குறிப்பிடத்தக்கது.

1921 இல் இதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பொருளியலில் முனைவரான முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் என்ற சிறப்பைப் பெற்ற சேடி அலெக்சாண்டரின் நினைவாகப் பள்ளிக்குப் பெயரிடப்பட்டது.

வரலாறு

1990களின் நடுப்பகுதியில் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிய பகுதிகளில் குற்றங்கள் மிகுந்திருந்தன. வசதியுள்ள குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. அப்போதைய தலைவர் சூடித் ரோடின், காவல், வீட்டுவசதி, வணிகம் ஆகியவற்றுடன் பள்ளிக்கல்வியையும் மறுசீரமைப்புத் திட்டத்தில் சேர்த்தார். 1998 இல் பல்கலைக்கழகம், நகரப் பள்ளி நிர்வாகம், ஆசிரியர் சங்கம் ஆகிய மூன்றும் உடன்பாடு கண்டன. இதன்படி பள்ளி அரசு நிர்வாகத்திலேயே இருக்கும். ஆசிரியர்கள் சங்க உறுப்பினர்களாகவே தொடர்வர். நுழைவுத் தேர்வு கிடையாது. பல்கலைக்கழகம் நிலம் அளித்ததுடன், மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1000 டாலர் வழங்கவும் ஒப்புக்கொண்டது. வகுப்புகளைச் சிறியனவாக வைத்திருக்க இத்தொகை பெரிதும் உதவியது. கல்வியியல் துறையினர் பாடத்திட்டத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் பங்கேற்றனர்.

சேர்க்கை எல்லையும் வீட்டு விலையும்

பள்ளியின் வெற்றியே புதிய சிக்கலைத் தோற்றுவித்தது. வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் வசிப்போரின் பிள்ளைகளுக்கே இங்கு இடம் கிடைக்கும் என்பதால், அவ்வெல்லைக்குள் வீட்டு விலையும் வாடகையும் வேகமாக உயர்ந்தன. எந்தக் குடும்பங்களுக்காகப் பள்ளி எழுப்பப்பட்டதோ அவர்களுள் பலருக்கு அங்கு வசிப்பதே கடினமாயிற்று. 2013 சனவரியில், மழலையர் வகுப்புப் பதிவு தொடங்குவதற்குப் பல நாட்கள் முன்பே பெற்றோர் கடுங்குளிரில் தெருவில் வரிசையில் நின்றனர். இதையடுத்து நிர்வாகம் குலுக்கல் முறைக்கு மாறியது. எல்லைக்குள் வீடு வாங்கியோருக்கும் இடம் உறுதியில்லை என்றாயிற்று. அதே ஆண்டு நிதி நெருக்கடியால் நகரின் 20க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை மூட முடிவு செய்யப்பட்டது.

பிற பள்ளிகள்

பல்கலைக்கழகத்தின் நெட்டர் மையம் (நிறுவப்பட்டது 1992) வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. புதிய பள்ளி கட்டாமல், ஏற்கனவே உள்ள பள்ளிகளில் பல்கலைக்கழக மாணவர்களும் பேராசிரியர்களும் தம் பாடநெறியின் ஒரு பகுதியாகப் பணியாற்றுகின்றனர். செலவு குறைவு, பயன் பல பள்ளிகளுக்குப் பரவுகின்றது. ஆயினும் ஒரு பள்ளியில் கண்கூடாகத் தெரியும் மாற்றம் இதில் எளிதில் தென்படுவதில்லை. அலெக்சாண்டர் பள்ளிக்கு அருகிலுள்ள லீ பள்ளிக்கு, ஐந்து ஆண்டுகளில் 41 இலட்சம் டாலர் வழங்குவதாக 2022 இல் பல்கலைக்கழகம் அறிவித்தது.

வரி தொடர்பான விமர்சனம்

பிலடெல்பியா பள்ளிகளின் வருவாயில் சொத்து வரிக்கு முக்கிய இடம் உண்டு. இலாப நோக்கற்ற நிறுவனம் என்பதால் பல்கலைக்கழகத்தின் கல்விசார் கட்டடங்களுக்கு இவ்வரி இல்லை. வரிக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும் எனப் பேராசிரியர்கள் பலர் 2020 இல் கோரினர். அவ்வாண்டு நவம்பரில், பள்ளிக் கட்டடங்களிலுள்ள கல்நார், ஈயம் ஆகியவற்றின் ஆபத்தை நீக்க ஆண்டுக்கு 1 கோடி டாலர் வீதம் பத்தாண்டுகளுக்கு 10 கோடி டாலர் வழங்கப் பல்கலைக்கழகம் முன்வந்தது. பல்கலைக்கழகம் இதனை நன்கொடை என்றே குறிப்பிட்டது. கோரிக்கையாளர்கள் கேட்டதோ நிலையான கடப்பாடு.