பெல்ட் டென்ஷனர்: பொருத்தும் இடம்

பெல்ட் டென்ஷனர் என்பது, புல்லிகளுக்கு இடையே ஓடும் பெல்ட் தொய்ந்து வழுக்காதபடி அதை அழுத்திப் பிடிக்கும் சுழல் உருளை. எந்த எந்திரத்தையும் இது ஓட்டுவதில்லை. பெல்ட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். பாடநூல்கள் பெல்ட்டை வார் என்றும் புல்லியைக் கப்பி என்றும் சொல்லும். பட்டறையில் அந்தச் சொற்களுக்கு வேலை இல்லை.

ஓடும் பெல்ட்டின் இரு பக்கமும் ஒரே விறைப்பில் இருப்பதில்லை. மோட்டார் புல்லி தன்னை நோக்கி இழுக்கும் பக்கம் இறுக்கமாக இருக்கும். அதை விட்டு வெளியேறும் பக்கம் தொய்ந்திருக்கும். டென்ஷனருக்கு உரிய இடம் தொய்வுப் பக்கம். இறுக்கப் பக்கத்தில் வைத்தால் பேரிங்கின் மேல் பளு ஏறும். ஸ்பிரிங் டென்ஷனர் என்றால் சுமை கூடும்போதெல்லாம் அது பின்வாங்கும். மறுபக்கம் இன்னும் தளரும். திசை மாறி மாறி ஓடும் எந்திரத்தில் தொய்வுப் பக்கமும் இடம் மாறுவதால் ஸ்பிரிங் வகை அங்கே ஆகாது.

அடுத்த கேள்வி, பெல்ட்டின் உள்ளேயா வெளியேயா என்பது. வெளியிலிருந்து முதுகை அழுத்தும் டென்ஷனரைச் சிறிய புல்லிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போது பெல்ட் அந்தப் புல்லியை இன்னும் அதிகம் சுற்றிப் பிடிக்கும். மோட்டாரில் 100 மி.மீ. புல்லி, எதிரே 300 மி.மீ. புல்லி, மையங்களுக்கு இடையே 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிறிய புல்லியில் பெல்ட் ஏறத்தாழ 157 பாகைதான் படியும். டென்ஷனர் அதை 190 பாகையாக்கினால் என்ன ஆகும்? உராய்வுக் கெழு 0.3, இறுக்கப் பக்க இழுவிசை 1,000 நியூட்டன் என்று கொண்டால், ஆய்லர், ஐட்டல்வைன் பெயரால் வழங்கும் சூத்திரப்படி தட்டை பெல்ட் வழுக்காமல் கடத்தும் விசை சுமார் 560 நியூட்டனிலிருந்து 630-க்கு உயரும். இதற்கு ஒரு விலை உண்டு: பெல்ட் எதிர்த்திசையில் வளைவதால் ஆயுள் குறையும். அதனால் வி-பெல்ட்டின் முதுகில் வைக்கும் உருளை தட்டையாகவும், சிறிய புல்லியைப் போல ஒன்றரை மடங்கு விட்டத்திலும் இருப்பது நல்லது.

உள்ளே வைத்தால் கதை நேர் எதிர். உருளை பெல்ட்டை வெளியே தள்ளுவதால் பிடிப்புக் கோணம் குறையும். அந்த இழப்பைத் தாங்கக்கூடியது பெரிய புல்லிதான் என்பதால் அதன் அருகே வைப்பது வழக்கம். இடம் காலியாக இருக்கிறதே என்று சிறிய புல்லியை ஒட்டி உள்ளே வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கார் என்ஜினின் டைமிங் பெல்ட்டில், கிராங்க் புல்லியை விட்டு வெளியேறும் பக்கத்தில் டென்ஷனர் இருப்பதும் இதே கணக்குதான்.

மோட்டாரையே தண்டவாளத்தில் பின்னுக்கு நகர்த்த வழி இருந்தால் டென்ஷனர் தேவையில்லை. பெல்ட்டுக்கும் அதுவே நல்லது. எந்த முறையானாலும், வி-பெல்ட்டின் நடுவில் உரிய விசையில் அழுத்தினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 16 மி.மீ. இறங்க வேண்டும். புது பெல்ட் முதல் ஓரிரு நாள் ஓட்டத்தில் நீளும். எந்திரத்தை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள்.