படகில் குண்டு பல்பா, எல்.இ.டி.யா?

எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டுக் கிடக்கும் படகில் விளக்கும் வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்.ஸும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் அங்கே எந்த விளக்கு நல்லது என்று பார்க்கும்போது, மின்செலவோடு மற்றக் கருவிகளின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் மின்செலவு. 12 வோல்ட் பேட்டரியில் 10 வாட் குண்டு பல்பை நங்கூர விளக்காக 12 மணி நேரம் எரித்தால் 10 ஆம்பியர்-மணி போய்விடும். கேபினில் இரண்டு 20 வாட் பல்புகள் 6 மணி நேரம் எரிந்தால் இன்னும் 20. ஆக, இரவொன்றுக்கு 30. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் நாம் நம்பக்கூடியது 50தான். ஏறக்குறைய அதே வெளிச்சத்தை 2 வாட், 4 வாட் எல்.இ.டி.கள் தந்துவிடும், மொத்தச் செலவு வெறும் 6. குண்டு பல்பில் பெரும்பங்கு மின்சாரம் சூடாகவே வீணாகிறது. எஞ்சின் அதிர்வில் அதன் இழை அறுந்துபோவதும் உண்டு. எல்.இ.டி.யில் இழையே இல்லை.

ஆனால் எல்.இ.டி.க்குச் சீரான மின்னோட்டம் வேண்டும். எஞ்சின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். குண்டு பல்பு அதைத் தாங்கிச் சற்றுக் கூடுதலாக எரியும், மலிவான எல்.இ.டி. கருகிவிடும். இதைத் தடுக்க உள்ளே வைக்கும் டிரைவர் சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. அதன் மின்காந்த இரைச்சல் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் புகுந்துவிடக்கூடும். தரமில்லாத எல்.இ.டி. விளக்குகளால் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும், கப்பல்களின் இருப்பிடம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியும் பாதிக்கப்படுவதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் எச்சரித்தது. இரைச்சல் தாங்காமல், அதை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை ஏற்றி வைத்தால், தூரத்துப் படகின் மெல்லிய அபயக் குரலும் சேர்ந்து அடங்கிப்போகும்.

நிறத்திலும் சிக்கல் உண்டு. படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கு எரிய வேண்டும். பழைய நிறக்கண்ணாடிக் கூட்டுக்குள் வெள்ளை எல்.இ.டி.யை மாட்டினால் சிவப்பு மங்கும், பச்சை நீலம் பாயும். குண்டு பல்பு போனால் ஒரேயடியாக அணைந்து தெரிந்துவிடும், எல்.இ.டி.யோ ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக மங்குவதால் யாரும் கவனிப்பதில்லை.

மின்சிக்கனத்தில் எல்.இ.டி.க்கே வெற்றி, அதற்கு மாறுவதே சரி. நேவிகேஷன் விளக்குகளுக்குப் பல்பை மட்டும் மாற்றாமல், சான்று பெற்ற முழு எல்.இ.டி. விளக்கையே வாங்குங்கள். பொருத்தியதும் வயர்லெஸ்ஸை ஓர் அமைதியான சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் ஸ்குவெல்ச்சைத் திருப்பி, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எந்த விளக்கைப் போட்டதும் இரைச்சல் கிளம்புகிறதோ, அதைக் கரையிலேயே கழற்றிவிடுங்கள்.