பால்டிமோர் புனித பிரான்செஸ் பள்ளி: தோற்றமும் தொடக்க வரலாறும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரின் சிறைச்சாலையை அடுத்து, சேஸ் தெருவில், புனித பிரான்செஸ் உயர்நிலைப் பள்ளி நிற்கிறது. 1828ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் தொடங்கப்பெற்ற இப்பள்ளி, கறுப்பின மாணவர்க்கென அந்நாட்டில் எழுந்து இன்றளவும் நடந்துவரும் கத்தோலிக்கப் பள்ளிகளுள் மிகப் பழமையானது. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் கடல் கடந்த ஒரு பள்ளியின் வரலாறு எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மகாத்மா சோதிராவ் புலே 1873இல் தாம் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அவ்வுறவு நமக்குப் புதியதன்று.

மேலும், நம்மனோர் கல்வி வரலாற்றில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி இப்பள்ளியின் வரலாற்றிலும் எழுகிறது. பள்ளியை நிறுவியவர் யார்? அடிமைப்பட்டோர்பால் இரக்கங்கொண்டு வெளியிலிருந்து வந்த பெரியவரா, அன்றி அம்மக்களுள் ஒருவராய்ப் பிறந்து அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரா? பழைய கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம், இப்பள்ளியை நடத்திய கன்னியர் சபையை நிறுவியவர் சூபேர் அடிகளார் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் என்றே எழுதிற்று. அக்கூற்று முழு உண்மையன்று என்பதை நிகழ்ச்சிகளே காட்டும்.

1793இல் செயிண்ட் டொமிங்கு தீவில் (இன்றைய எயிட்டி நாடு) அடிமைகள் கிளர்ந்தெழுந்த காலத்தில், அங்கிருந்து பிரெஞ்சு மொழி பேசும் அகதிகள் பலர் பால்டிமோர் வந்திறங்கினர். வெள்ளையரும் வந்தனர், கறுப்பரும் கலப்பினத்தாரும் வந்தனர். மேரிலாந்து அடிமை மாநிலமே. ஆயினும் பால்டிமோர் நகரில், அடிமைகளைவிட விடுதலை பெற்ற கறுப்பரே தொகையில் மிகுந்திருந்தனர். விடுதலை என்பது பெயரளவில்தான். அவர்தம் பிள்ளைகளுக்கு நகர்மன்றத்தின் பொதுப்பள்ளியில் இடமில்லை. அவர்களுக்கென நகராட்சி பள்ளி திறந்தது 1867ஆம் ஆண்டிலேயே. தேவாலயத்திலும் இதே நிலைதான். சல்ப்பீசிய குருக்களின் புனித மரியா குருமடத்தில், கோயிலின் கீழ்த்தளச் சிற்றாலயமே பிரெஞ்சு பேசும் கறுப்பின விசுவாசிகள் கூடும் இடமாயிருந்தது. கோயிலில் ஓரம் ஒதுக்கப்பட்டு நின்று பூசை கண்ட முன்னோரையுடைய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நகருக்கு வந்து சேர்ந்தவர்தாம் எலிசபெத் கிளாரிசு லேஞ்ச் என்னும் அம்மையார். கியூபா தீவின் சாந்தியாகோ நகரில் வளர்ந்தவர். நன்கு கல்வி கற்றவர். தெருவில் திரியும் பிள்ளைகள் எழுத்தறியாது வளர்வதைக் கண்டு, தோழி மரி பலாசு அம்மையாருடன் தம் இல்லத்திலேயே இலவசப் பள்ளி நடத்தினார். ஒரு நாள், இரு நாள் அன்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள். எந்தப் பேராயரும் அவரை ஏவவில்லை. எந்தச் சங்கமும் பொருள் வழங்கவில்லை. கைப்பொருள் கரையக் கரையப் பள்ளி தளர்ந்தது.

இந்நிலையில்தான் சூபேர் அடிகளார் வருகிறார். கீழ்த்தளச் சிற்றாலயத்தில் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் ஏறவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் மனப்பாடம் செய்வது எங்ஙனம்? எனவே ஒரு பள்ளி வேண்டும் என எண்ணினார். ஆசிரியைகளைத் தேடியபோது, முன்னரே பத்தாண்டு கற்பித்துப் பழகிய இருவர் அவர்தம் சபையாரிடையிலேயே இருந்தனர். துறவறம் பூணவேண்டுமென்ற எண்ணமும் அவர்களுக்கு நெடுங்காலமாக இருந்தது. கறுப்பினப் பெண்களை ஏற்கும் மடம்தான் அந்நாட்டில் இல்லை. அடிகளார் செய்தது, பேராயர் சேம்சு விட்பீல்டிடம் சென்று இசைவு பெற்றதும், விதிமுறை வகுத்ததும், நன்கொடை திரட்டியதும் ஆகும். அவை சிறு பணிகள் அல்ல. அந்நாளில் ஒரு வெள்ளைக் குரு இவ்வளவு செய்ததற்கு நன்றி உரியதே. ஆனால் விளக்கு அவர் வருமுன்பே எரிந்துகொண்டிருந்தது.

வாடகை வீடொன்றில் ஏறத்தாழ இருபது சிறுமியருடன் பள்ளி தொடங்கிற்று. ஓராண்டில் அவ்வீட்டை விட நேர்ந்தது. கறுப்பர் பள்ளி என்றறிந்து வேறு வீடு தருவார் அரிதாயினர். ஊர்த்தெருவில் வாடகை வீடு தேடி அலைந்த நம் தொடக்ககால ஆசிரியர்கள் இவ்விடத்தைப் படிக்கையில் புன்முறுவல் பூப்பர். முடிவில் ரிச்மண்ட் தெருவில் ஒரு வீடு விலைக்குக் கிடைத்தது.

1829 சூலை 2ஆம் நாள் நால்வர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தனர்: லேஞ்ச், பலாசு, ரோசின் போகு, தெரேசா டூசெமின். இறைப்பராமரிப்பின் அர்ப்பணச் சகோதரிகள் என்பது சபையின் பெயர். ஆப்பிரிக்க வழிவந்த பெண்களுக்கென எழுந்து நிலைத்த முதற் கத்தோலிக்கத் துறவற சபை இதுவே. லேஞ்ச் அம்மையார் அன்னை மேரி என்னும் பெயரேற்றுத் தலைவியானார். கறுப்பினப் பெண் கன்னியர் உடை அணிவதா என வெள்ளைக் கத்தோலிக்கர் சிலர் சினந்தனர். எனினும் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் 1831இல் சபைக்கு ஒப்புதல் அளித்தார்.

அவ்வாண்டு எத்தகையது என்பதை நினைக்கவேண்டும். அண்டை மாநிலமாகிய வர்சீனியா, விடுதலை பெற்ற கறுப்பரைக் கூட்டி எழுத்துக் கற்பிப்பதைச் சட்டத்தால் தடுத்த ஆண்டு அது. நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்ததும் அவ்வாண்டிலேயே. அச்சூழலில் பால்டிமோர்ச் சிறுமியர் ஆங்கிலமும் பிரெஞ்சும் கணக்கும் இசையும் பயின்றனர். தையலும் சலவையும் கற்றனர். இம்மாணவியர் இல்லத்தலைவியராகவோ வீட்டுப் பணிப்பெண்களாகவோ விளங்குவர் என்பதே பள்ளியின் அறிவிப்பு. இன்று படிக்கையில் அச்சொற்கள் உறுத்துகின்றன. ஆனால் வீட்டுவேலைக்குப் பிரெஞ்சு இலக்கணம் எதற்கு? அறிவிப்பு அஞ்சி ஒடுங்கிப் பேசிற்று, பாடத்திட்டம் அஞ்சவில்லை.

1832இல் நகரில் வாந்திபேதி பரவியது. ஏழையர் விடுதியில் நோயாளரைப் பேண ஆள் வேண்டும் என அதிகாரிகள் கேட்டபோது சகோதரிகள் அனைவரும் முன்வந்தனர், நால்வர் தெரிந்தெடுக்கப்பட்டனர், அன்னை மேரி அவர்களுள் ஒருவர். சகோதரி அந்தோணி டூசெமின் முதலில் பேராயருக்கும், பின்னர் அவர்தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் பணிவிடை செய்து, அந்நோயாலேயே உயிர்நீத்தார். 1897இல் புனே நகரில் கொள்ளைநோயாளரைத் தூக்கிச் சென்று தாமும் மாண்ட சாவித்திரிபாய் புலே நம் நினைவில் எழுகிறார்.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது 1835ஆம் ஆண்டு நிகழ்ச்சி. குருமடத்தின் சமையல் முதலிய வீட்டுப்பணிகளுக்குச் சகோதரிகளை அனுப்புமாறு குருமடத் தலைவர் வேண்டினார். ஆதரித்துவந்த குருக்களின் வேண்டுகோள், மறுக்க இயலாது. பள்ளிக்குப் பணமும் தேவை. அன்னை மேரி இசைந்தார். ஆனால் எழுத்தில் நிபந்தனை விதித்தார். தாம் கறுப்பினத்தாராகவும் அதே வேளையில் துறவியராகவும் இருப்பதன் இடர்ப்பாட்டை மறைக்கவில்லை. அளவுமீறிச் செருக்குடையவராய்த் தோன்ற விரும்பவுமில்லை. எனினும் தாம் ஏற்ற துறவு நிலைக்கும் அணிந்த உடைக்கும் உரிய மதிப்பு குன்றக்கூடாது என்பது அக்கடிதத்தின் கருத்து. ஏனைய பணியாளரிடமிருந்து தனித்து வாழவும் ஏற்பாடு கேட்டார். அடுப்படிக்குப் போகும்போதும் மதிப்பைக் கைவிடாத பெண்ணின் கடிதம் இது.

அவர் மதிப்புக் கேட்ட திருச்சபை அன்று எந்நிலையில் இருந்தது? 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் தம் பண்ணை அடிமைகள் 272 பேரை லூசியானாவுக்கு விற்றனர். அத்தொகையின் ஒரு பகுதி சார்ச்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது. ஒரே மாநிலத்தில், ஒரே திருச்சபையில், கறுப்பினச் சிறுமியருக்குக் கன்னியர் கல்வி புகட்டினர். கறுப்பினக் குடும்பங்களை விற்ற பணத்தால் வெள்ளை இளைஞரின் கல்லூரி தலைநிமிர்ந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறு வரலாறாகாது.

1843 நவம்பரில் சூபேர் அடிகளார் மறைந்தார். அதன்பின் வந்தவை இருண்ட ஆண்டுகள். பேராயர் எக்கிள்சுடன் இச்சபையால் பெரும்பயன் உண்டென்று கருதினாரில்லை. மாணவியர் குறைந்தனர், நன்கொடை நின்றது. சகோதரிகள் பிறர் துணி வெளுத்தும், இசுதிரி போட்டும், தையல் தைத்தும் பள்ளியைக் காத்தனர். தெரேசா டூசெமின் 1845இல் மிச்சிகன் மாநிலம் சென்று வேறொரு கன்னியர் சபை உருவாகத் துணைநின்றார். வெண்ணிற மேனியர் அவர். அச்சபையின் வரலாற்றில் அவர்தம் கறுப்பின வழிவரவு நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது. அவரைப் பழிப்பதற்கில்லை. இனம் மறைத்துப் பிழைக்க வேண்டிய நிலை நம்மவர் அறியாததா?

1847இல் தாடியுசு அன்வாந்தர் என்னும் மீட்பர் சபைக் குருவானவர், பேராயர்முன் முழந்தாளிட்டு வேண்டி, சகோதரிகளின் இயக்குநர் பொறுப்பைப் பெற்றார். அவர் கறுப்பினத்தார் இல்லங்கள்தோறும் சென்று பிள்ளைகளைத் திரட்டினார். பள்ளி மீண்டும் தளிர்த்தது. 1852இல் சிறுவர்க்கும் பள்ளி திறக்கப்பட்டது.

1857இல், மேரிலாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கராகிய தலைமை நீதிபதி ராசர் டேனி, கறுப்பர் எவரும் அந்நாட்டின் குடிமக்கள் ஆகார் எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு வந்த ஆண்டிலும் ரிச்மண்ட் தெருவில் வகுப்புகள் நடந்தன. 1864 நவம்பர் முதல் நாள் மேரிலாந்தில் அடிமைமுறை ஒழிந்தது. 1871இல் சபை சேஸ் தெருவில் எழுந்த புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. அன்னை மேரி லேஞ்ச் அதனைக் கண்ணாரக் கண்டார். 1882 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். 2023 சூன் திங்களில் திருத்தந்தை பிரான்சிசு அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். பெண்களுக்கெனத் தொடங்கிய பள்ளியில் இப்போது இருபாலரும் பயில்கின்றனர்.