வித்யாசாகர் இட்ட உடுக்குறி

1931 அக்டோபரில் இலண்டனில் பேசிய காந்தி, ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இன்றைய இந்தியா எழுத்தறிவில் தாழ்ந்து நிற்கிறது என்றார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தரான பிலிப் ஹார்டாக் அதற்குச் சான்று கேட்டார். அவ்விருவரிடையே தொடர்ந்த வழக்கின் நடுவே நின்றது ஓர் எண்: வங்கத்திலும் பீகாரிலுமாக ஓர் இலட்சம் கிராமப் பள்ளிகள். வில்லியம் ஆடம் 1835இல் அளித்த முதல் அறிக்கையில் வரும் மதிப்பீடு அது. தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்புக்குப் பிறகு அதே எண் மீண்டும் மேடையேறியது. பள்ளிகள் எத்தனை இருந்தன என்பதில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் இந்த வழக்கில், அப்பள்ளிகளுக்குள் ஒரு குழந்தை எழுத்தை எவ்வாறு கற்றது என்று ஆடம் எழுதிவைத்த பக்கங்கள் மிகக் குறைவாகவே வாசிக்கப்பட்டுள்ளன. எண்ணைவிடப் பயனுள்ள சான்று அங்கேதான் இருக்கிறது.

ஆடம் ஸ்காட்லாந்துக்காரர். 1818இல் பாப்டிஸ்ட் மிஷனரியாக வங்கத்துக்கு வந்து, ராம்மோகன் ராயின் நட்பால் திரித்துவக் கொள்கையைக் கைவிட்டவர். பெண்டிங்கின் ஆட்சியில் கல்விநிலையை ஆராயப் பணிக்கப்பட்டு, 1835 முதல் 1838 வரை மூன்று அறிக்கைகள் அளித்தார். ‘பாட்சாலா’ எனப்பட்ட ஊர்ப்பள்ளியில் ‘குருமகாசயர்’ நடத்திய பயிற்சி நான்கு கட்டங்களாக அமைந்திருந்ததை அவர் விவரிக்கிறார். கட்டங்களைப் பிரித்துக் காட்டுவது நூலோ வகுப்போ அன்று, எழுதப்படும் பொருள்தான்.

முதற்கட்டம் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டுவதில்லை. சிறு குச்சியாலோ மூங்கில் சிம்பாலோ குழந்தை தரையில் எழுத்துகளை வரையும். அடுத்தது பனையோலை, இரண்டரை முதல் நான்கு ஆண்டு வரை நீளும். ஆசிரியர் இரும்பு எழுத்தாணியால் ஓலையில் எழுத்தைக் கீறித் தருவார். மாணவன் நாணல் பேனாவைக் கரிமையில் தோய்த்து அக்கீறலின்மேல் எழுதுவான். கரிமை எளிதில் அழியக்கூடியது. ஆகவே துடைத்துவிட்டு அதே ஓலையில் மறுபடியும் எழுதலாம். கீறலின் துணை இனி வேண்டா என்னும் நிலை வந்தபின் கீறலில்லாத வேறோர் ஓலை. பிறகு கூட்டெழுத்துகள், அசைகள், ஆட்களின் பெயர்கள். சில இடங்களில் சாதிகள், ஆறுகள், மலைகளின் பெயர்களும் உண்டு. அவற்றை எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நூறு வரையிலான எண்கள், சோழி வாய்பாடு, நில அளவைக்குரிய கட்டா வாய்பாடு, எடைக்குரிய சேர் வாய்பாடு ஆகியவையும் இக்கட்டத்திலேயே வந்துவிடும். மூன்றாவது கட்டத்தில் வாழையிலை. இரண்டு முதல் மூன்று ஆண்டு. சொற்களை வாக்கியமாக இணைப்பதும், எளிய கடிதம் எழுதுவதும், பேச்சு வடிவத்தை எழுத்து வடிவத்திலிருந்து வேறுபடுத்துவதும் இங்குதான் தொடங்கும். வேளாண் கணக்கும் வணிகக் கணக்கும் உடன் வரும். கடைசிக் கட்டம் தாள். விண்ணப்பம், குத்தகைச் சீட்டு, கடன் பத்திரம் ஆகியவற்றை எழுதப் பழகிய இந்த மாணவர்தாம் இராமாயணம், மானசா மங்கல் போன்ற நூல்களை வாசித்தார்கள்.

இவ்வரிசையில் வாசிப்பு எங்கே இருக்கிறது? ஏறக்குறைய இறுதியில். முதல் ஆண்டுகளில் குழந்தை தானே எழுதியதைத்தான் வாசித்தது. அச்சு நூல் இப்பள்ளிகளில் பெரும்பாலும் அறியப்படாத பொருள். முதற்சொற்களாக வந்தவை பெரும்பாலும் பெயர்கள்: ஊரிலுள்ள ஆளின் பெயர், ஊரருகே ஓடும் ஆற்றின் பெயர். வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லுக்குக் கை வடிவம் கொடுத்தது. அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது எளிது. ஆடமின் பக்கங்களே அதற்கு இடங்கொடுக்கவில்லை. எழுதப் படிக்க ஐந்து முதல் ஒன்பது ஆண்டு பிடித்தது. ஆசிரியருள் மிகுதியானோர் காயஸ்தர். சண்டாளர், டோம் சாதிக் குழந்தைகள் சிலர் பள்ளியில் இருந்ததை ஆடம் வியப்போடு குறித்தாலும் அவர்கள் சிலரே. எழுத்தறிந்த பெண் கைம்பெண்ணாவாள் என்ற நம்பிக்கை காரணமாகப் பெண்குழந்தைகள் ஏறத்தாழ முற்றிலும் வெளியே நின்றார்கள். கணக்கும் பத்திரமும் எழுதத் தெரிந்த ஆண்களை உருவாக்கும் இடமாகவே பாட்சாலா இருந்தது. அதற்கேற்ற முறையையும் அது கண்டுகொண்டிருந்தது.

வங்கத்தில் மணற்பலகை வழக்கில் இல்லை என்று ஆடம் தனியே குறிப்பிடுகிறார். சென்னை வட்டாரத்தில் மணலே முதற்பலகை. எழும்பூர் இராணுவ ஆண்கள் அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், அருகிலிருந்த ஊர்ப்பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதிக்குள் கொண்டுவந்தார்; 1797இல் இலண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். அதன் பின் மணல்தட்டு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. இங்கே அரசுக்கல்வி அந்த மணலையும் ஓலையையும் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் காணத் தொடங்கியது.

பழைய பள்ளிகளையே அடித்தளமாகக் கொண்டு, தாய்மொழி நூல்களையும் ஆசிரியர் தேர்வுகளையும் சேர்த்துப் படிப்படியாக மேம்படுத்தலாம் என்பது ஆடமின் திட்டம். செலவு மிக்கது, நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அரசு அதை ஒதுக்கியது. பாட்சாலாவை மாற்றியது அச்சுதான்.

1849இல் பெத்யூன் கல்கத்தாவில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். தம் இரு பெண்களையும் அங்கே சேர்த்த மதன்மோகன் தர்க்காலங்கார் அதே ஆண்டு ‘சிசுசிக்ஷா’ என்னும் தொடக்க நூலை எழுதினார். ஆறாண்டுக்குப் பின், 1855இல், அவருடைய நண்பர் ஈசுவர சந்திர வித்யாசாகரின் ‘வர்ணபரிசய்’ இரண்டு பாகங்களாக வந்தது. அவ்வாண்டு வித்யாசாகர் ஹூக்ளி, பர்த்வான், மிட்னாபூர், நதியா மாவட்டங்களுக்குப் பள்ளி ஆய்வாளராகவும் பொறுப்பேற்று, மாவட்டத்துக்கு ஐந்தாக இருபது மாதிரிப் பள்ளிகளைத் திறந்தார். பல்லக்கில் ஊர் ஊராகச் செல்லும்போதே அந்நூலை எழுதினார் என்று வங்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள்.

சமஸ்கிருதக் கல்லூரித் தலைவரான அவர் செய்த முதல் காரியம், சமஸ்கிருதத்துக்கு மட்டும் உரிய எழுத்துகளை வங்க நெடுங்கணக்கிலிருந்து நீக்கியது. பதினாறாக எண்ணப்பட்டுவந்த உயிர்கள் பன்னிரண்டாயின. வங்கமொழியில் வழக்கற்ற நெடில்கள் இரண்டு வெளியேறின. அனுஸ்வாரமும் விசர்க்கமும் மெய் வரிசைக்குச் சென்றன. ‘க்ஷ’ கூட்டெழுத்தே, தனியெழுத்தன்று என்று விலக்கப்பட்டது. வங்க நாவில் தனியே ஒலித்தும் தனியிடம் பெறாதிருந்த எழுத்துகள் வரிசைக்குள் வந்தன. இம்மாற்றங்களின் அளவுகோல் ஒன்றே: வங்கமொழி பேசுவோரின் வாய்.

அந்நூலின் முன்னுரைகள் வழக்கமான முன்னுரைகள் அல்ல. வகுப்பறையைக் காதால் கேட்டு எழுதிய குறிப்புகள். எங்கும் பிள்ளைகள் ‘அ’, ‘ஆ’ என்று சொல்லாமல் ‘ஸ்வர அ’, ‘ஸ்வர ஆ’ என்று ஒப்பிக்கிறார்கள். வெறும் ‘அ’, ‘ஆ’ என்றே சொல்லக் கற்பியுங்கள் என்று ஓரிடத்தில் ஆசிரியரை வேண்டுகிறார். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதையும், வாசிக்கத் தொடங்கும் குழந்தையை இடறச்செய்வது பெயரே என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

மற்றொரு குறிப்பு இன்னும் நுட்பமானது. தமிழில் மெய்க்குப் புள்ளி உண்டு. ‘பல’ வேறு, ‘பல்’ வேறு என்பதைக் கண்ணே சொல்லிவிடும். வங்க எழுத்தில் சொல்லீற்று மெய்க்கு அத்தகைய குறி பெரும்பாலும் இடப்படுவதில்லை. நீர், காடு என்னும் பொருளுடைய ‘ஜல்’, ‘பன்’ ஆகியவை மெய்யில் முடிகின்றன. சிறிய, பெரிய என்னும் பொருளுடைய ‘சோட்டோ’, ‘பொரோ’ ஆகியவை உயிரில் முடிகின்றன. எழுத்தில் நான்கின் ஈறும் ஒரே மாதிரிதான். பல இடங்களில் இவ்வேறுபாட்டைப் பாராமல் எல்லாச் சொற்களையும் உயிரீறாகவே வாசிக்கச் செய்கிறார்கள் என்று வித்யாசாகர் முறையிடுகிறார். தீர்வாக, உயிரீறாக ஒலிக்க வேண்டிய சொற்களின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியை, உடுக்குறியை, இட்டார். எழுத்துக்கும் வாய்க்கும் இடையிலுள்ள பிளவை ஒப்புக்கொண்டு, அதன்மேல் ஒரு சிறு பாலம் போட்டிருக்கிறார். வங்கப் பாடநூல் வரலாற்றில் இதைவிட நேர்மையான அச்சுக்குறி வேறொன்று இருப்பது ஐயமே.

ஆனால் அதே நூல் வேறொரு பிளவைப் பெரிதாக்கியது. சொற்கள் முடிந்து வாக்கியம் தொடங்கியதும் நடை ‘சாது பாஷா’ ஆகிவிடுகிறது. ‘விழுகிறது’ என்பதற்குக் குழந்தை வீட்டில் ‘பொர்ச்சே’ என்றது. நூலில் இருந்தது ‘பொரிதெச்சே’. வாழையிலைக் கட்டத்தில், இரண்டரை முதல் நான்கு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் வந்த எழுத்துநடை, இப்போது முதல் நூலிலேயே வந்துவிட்டது. பெயர்களின் இடத்தைக் கதைமாந்தர் பிடித்தனர்: பெற்றோர் சொல் தட்டாத, கொடுத்ததை உண்ணும் கோபால், எதற்கும் அடங்காத ராக்கால். (சிறுவயது வித்யாசாகர் கோபாலைவிட ராக்காலுக்கே நெருக்கமானவர் என்று தாகூர் பின்னாளில் எழுதினார்.) குழந்தை இப்போது எழுதுவோன் அல்லன், வாசிப்போன், அதுவும் மற்றொருவர் எழுதிய வாக்கியத்தை. ஆனால் விலை மலிவான ஒரு நூல், ஓலைக்காலம் கேட்ட ஆண்டுகளைச் சில மாதங்களாகச் சுருக்கியது. கணக்கப்பிள்ளையாக வேண்டாத குழந்தைக்கும், பெண்குழந்தைக்கும் எழுத்து எட்டும் தொலைவில் வந்தது. பாட்சாலாவை நினைத்து ஏங்குவோர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எழுத்துக்கூட்டும் சூறாவளியைக் கடந்து, மழையையும் இலையையும் பற்றிய இரண்டு குறுவாக்கியங்களை எட்டிய நாளின் மகிழ்ச்சியைத் தாகூர் தம் நினைவுநூலில் பதிந்திருக்கிறார். அவர் நினைவில் நின்றது அறிவுரையன்று, ஓசை. 1892இல் எழுதிய ‘சிக்ஷார் ஹேர்ஃபேர்’ கட்டுரையில் எதிர்முனையைக் காட்டினார்: வைக்கோல் உலர்த்தும் காட்சியையும் பனிப்பந்து விளையாட்டுச் சண்டையையும் ஆங்கிலப் பாடநூலில் வாசிக்கும் வங்கச் சிறுவனுக்கு, மனத்தில் எழுப்பிக்கொள்ள ஒரு படமும் இல்லை. 1930இல் வெளியான அவருடைய ‘சஹஜ் பாட்’ இவ்விரண்டுக்கும் விடையாகலாம். நந்தலால் போஸின் படங்களோடு, எழுத்துகள் இணை இணையாகச் சந்தத்தில் வருகின்றன. வினைகள் பேச்சு வடிவில் நிற்கின்றன. வித்யாசாகர் உடுக்குறியால் ஒலிக்குச் செய்ததைத் தாகூர் வாக்கியத்துக்குச் செய்தார்.

‘சஹஜ் பாட்’ உருவான சாந்திநிகேதன் இருப்பது பீர்பூமில். ஆடம் கணக்கெடுத்த மாவட்டங்களுள் ஒன்று. அதைச் சூழ்ந்து சந்தால் ஊர்கள். அங்குள்ள குழந்தைக்குச் சாது நடையும் பேச்சு நடையும் ஒன்றே: இரண்டும் பிறமொழி. சந்தாலி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது, வங்கமொழியோடு உறவில்லாதது. உயிரீறா மெய்யீறா என்று குழம்ப அந்தக் குழந்தைக்குச் சொல்லே தெரியாது.

‘சஹஜ் பாட்’ வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 1925இல், மயூர்பஞ்சில் ரகுநாத் முர்மு என்னும் இளைஞர் சந்தாலிக்கென ‘ஓல் சிக்கி’ எழுத்தை உருவாக்கியிருந்தார். முப்பது எழுத்துகள். பல எழுத்துகளின் பெயர்கள் பொருளுள்ள சந்தாலிச் சொற்கள். வடிவங்களும் சூழலிலுள்ள பொருள்களிலிருந்தும் செயல்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. மற்ற இந்திய எழுத்துகளிலிருந்து அது விலகும் இடம் ஒன்றுண்டு: மெய்யெழுத்துக்குள் அகரம் ஒளிந்திருப்பதில்லை. உயிர் ஒலித்தால் உயிரெழுத்து தனியே எழுதப்படும், ஒலிக்காவிட்டால் இல்லை. உடுக்குறிக்கு வேலையே இல்லாத எழுத்து அது. சந்தாலியின் தனி ஒலிகளான, தொண்டையில் தடைபட்டு நிற்கும் மெய்களுக்கும் அதில் வழியுண்டு. வங்க, ஒடியா எழுத்துகளில் அவை திணறுகின்றன.

மேற்கு வங்க அரசு 1979இல் ஓல் சிக்கியை ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அதே இடதுசாரி ஆட்சி தொடக்கப் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தை அகற்றியதையொட்டி எழுந்த பெரும்பூசலில், இந்த ஏற்பு எவர் கண்ணிலும் படவில்லை. தாய்மொழி வழியா ஆங்கிலமா என்று கல்கத்தா இருபது ஆண்டு வாதிட்டபோது, ‘தாய்மொழி’ என்றால் வங்கமொழி என்றே இரு தரப்பும் கொண்டிருந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டும் என்னும் அரசமைப்பின் 350அ உறுப்போ 1956 முதலே இருந்துவருகிறது. 2003இல் சந்தாலி எட்டாம் அட்டவணைக்குள் வந்தது. ஒடிசா 2006 அளவில் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியபோது அவற்றுள் சந்தாலியும் இருந்தது.

எனினும் சந்தாலி இன்றும் ஐந்து எழுத்துகளில் எழுதப்படுகிறது: ஓல் சிக்கி, வங்கம், ஒடியா, தேவநாகரி, மிஷனரிகள் அமைத்த ரோமன். 2021இல் நடுவண் அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தை பொருள் விளங்க நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களை வாசிக்க வேண்டும் என்கிறது. சந்தால் குழந்தைக்கு அந்த 60 சொற்கள் எந்த மொழியில், எந்த எழுத்தில் அச்சாகி வரும் என்பது, அதன் வீடு ஜார்க்கண்டிலா, ஒடிசாவிலா, வங்கத்திலா என்பதையும், ஊர்ப்பள்ளிக்கு அமர்த்தப்படும் ஆசிரியர் எந்த எழுத்தைக் கற்றவர் என்பதையும் பொறுத்திருக்கிறது.