பருத்தி வயலும் வாக்குரிமையும்: ஃபானி லூ ஹேமர் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியியல் உரிமைப் போராட்டத்தைப் போதகர்களினதும் மாணவர்களினதும் வரலாறாக எழுதுவதே பெருவழக்காக இருந்துவந்துள்ளது. மிசிசிப்பி மாநிலத்து விவசாயப் பெண்ணான ஃபானி லூ ஹேமரின் (1917–1977) வாழ்க்கையை நோக்குமிடத்து, அப்போராட்டத்தின் வேர் நிலவுடைமை உறவுகளிலே கிடந்தமை புலனாகின்றது.

வாரக்குடிப் பெற்றோரின் இருபதாவது பிள்ளை அவர். ஆறு வயதிற் பருத்தி பறிக்கத் தொடங்கிப் பதின்மூன்று வயதில் நாளொன்றுக்கு 200 இறாத்தலுக்கு மேற் பறித்தார். வாரமுறையில் விளைச்சலிற் பாதி நிலவுடைமையாளருக்குரியது. எஞ்சிய பாதியிலிருந்து விதை, பசளை, தோட்டக்கடைக் கடன் ஆகியன கழிக்கப்படும். கணக்குப் புத்தகமோ உடைமையாளரின் கையில். ஆண்டிறுதியில் உழைத்த குடும்பம் கடனாளியாகவே நிற்கும். அவருடைய பெற்றோர் ஒருமுறை சிறிது மீட்சிபெற்றுக் கோவேறு கழுதைகளை வாங்கியபோது, அவற்றுக்கு நஞ்சூட்டப்பட்டது.

பெரி ஹேமரை மணந்தபின் றூல்வில் என்னும் ஊரருகேயுள்ள பருத்தித் தோட்டமொன்றில் 18 ஆண்டுகள் உழைத்தார். எழுத்தறிவு பெற்றிருந்தமையால் அங்கு கணக்கப்பிள்ளை வேலையும் அவருக்குக் கிடைத்தது. உடைமையாளர் இல்லாத வேளைகளில், பொய்க்கல்லை நீக்கி நேர்மையான கல்லிட்டுப் பறிப்போரின் பருத்தியை நிறுத்ததாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார். அவரது அரசியலின் தொடக்கத்தை 1962இல் வைப்பது வழக்கு. நாம் அதனை இந்தத் தராசிலேயே காண்கிறோம்.

1961இல் கட்டியொன்றை அகற்றுவதற்காக வைத்தியசாலைக்குச் சென்றவரின் கருப்பை, அவரது சம்மதமின்றியே அகற்றப்பட்டது. இரு பெண்பிள்ளைகளை அவரும் கணவரும் எடுத்து வளர்த்தனர்.

1962 ஆகஸ்ட் 31ஆம் நாள், பதினெட்டுப் பேருள் ஒருவராக இந்தியனோலா நகருக்கு வாக்காளராகப் பதியச் சென்றார். மாநில அரசியலமைப்பின் பிரிவொன்றை விளக்குமாறு பணித்து அவரைத் தோற்கடித்தனர். வீடு திரும்பிய அன்றே, விண்ணப்பத்தை மீளப்பெறாவிடின் வெளியேற வேண்டுமெனத் தோட்ட உடைமையாளர் கூறினார். அன்றிரவே அவர் வெளியேறினார். கணவரோ அறுவடை முடியும்வரை அங்கேயே தங்க நேர்ந்தது. கூலி கொடுப்பவனும் குடியிருக்க வீடு கொடுப்பவனும் கடன் கொடுப்பவனும் ஒருவனேயாக இருக்குமிடத்து, வாக்குரிமை கேட்பதென்பது கூரையை இழப்பதாகும்.

1963 ஜூனில் வினோனாச் சிறையில் அவர் தாக்கப்பட்டமையும், 1964இல் அத்திலாந்திக் சிற்றியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் நற்சான்றுக் குழுமுன் சாட்சியமளித்தமையும் பலரும் அறிந்தவை. கட்சித் தலைமை சமரசமாக அளிக்க முன்வந்த இரு ஆசனங்களை அவர் ஏற்க மறுத்தார். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிந்திய அவரது பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நமக்கு முதன்மையாகத் தோன்றுவது அதுவே.

அக்காலத்தில் பருத்தி பறிக்கும் பொறிகளும் களைகொல்லிகளும் பரவியமையால் வயலில் ஆட்களின் தேவை அருகிற்று. வாக்குரிமை பெற்ற மக்கள் வேலையிழந்து பசித்திருந்தனர். அவரது மூத்த மகளும் ஊட்டக்குறைவுற்று, உரிய மருத்துவம் கிட்டாது 1967இல் இறந்தார். அம்மகளின் இரு பெண்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பும் ஹேமர் தம்பதியர்மீது வந்தது. 1969இல் அவர் 40 ஏக்கரிற் 'சுதந்திரப் பண்ணை' என்னும் கூட்டுறவைத் தொடங்கினார். அவரை, பட்டாணி, வெண்டி முதலியன உணவுக்காகவும், பருத்தியும் சோயாவும் நிலக்கடன் இறுப்பதற்காகவும் பயிரிடப்பட்டன. 'பன்றி வங்கி' என்றொன்றும் இருந்தது. சினைப்பன்றியைப் பெறும் குடும்பம் அது ஈன்ற குட்டிகளைத் தனக்கு வைத்துக்கொண்டு தாய்ப்பன்றியைத் திருப்பியளிக்கும். அது மற்றொரு குடும்பத்துக்குச் செல்லும். தோட்டக்கடையின் கடன் முறையைத் தலைகீழாக்கிய ஏற்பாடு இது எனலாம். சில ஆண்டுகளில் நிலம் 600 ஏக்கரைத் தாண்டிற்று.

ஆயினும் பண்ணையின் முதல் பெரும்பாலும் வெளியார் நன்கொடையே. உறுப்பினர் சந்தா மாதம் ஒரு டொலர். அதைக்கூட ஏறத்தாழ முப்பது குடும்பங்களாலேயே செலுத்த முடிந்தது. வெள்ளமும் வரட்சியும் விளைச்சலைக் கெடுத்தன. ஹேமரும் நோயுற்றார். வரி நிலுவை பெருகப் பண்ணை நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977 மார்ச் 14ஆம் நாள், தமது 59ஆவது வயதில், புற்றுநோயுற்றிருந்த அவர் மவுண்ட் பேயூ வைத்தியசாலையிற் காலமானார்.