வெட்டாதவனுக்குப் பழம் உண்டா? விருப்ப விதிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா; பின்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. நிர்வாக எல்லைகள் இவ்வாறு நகர்ந்தாலும் திண்ணை ஆட்டங்களுக்கு அந்த எல்லைகள் பொருட்டில்லை. தமிழர் ஆடும் தாயத்திலும் கன்னடர் ஆடும் சௌகாபாராவிலும் ஒரே வழக்கு எழும்: எதிரியின் ஒரு காயையேனும் வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் நுழைந்து பழம் எடுக்கலாமா? கூடாது என்பார் சிலர்; அப்படியொரு விதியே இல்லை என்பார் வேறு சிலர். என் பாட்டி முதல் கட்சி.

இதை வீட்டுச் சண்டை என்று ஒதுக்குவது தவறு. வெட்டு கட்டாயமில்லை என்றால் மலைக்கு மலை தாவி ஒதுங்கிச் செல்வதே சிறந்த உத்தி. கட்டாயம் என்றாலோ அதே ஒதுக்கம் தோல்விக்கு வழி; ஒரு காயையாவது வேட்டைக்கு அனுப்பியாக வேண்டும். காயை இறக்கும் விதியும் அத்தகையதே. 0, 1, 2, 3 என்று முகம் கொண்ட இரு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டினால் 16 சேர்க்கைகள். அவற்றில் தாயம் விழுவது இரண்டில் மட்டுமே. ஆகவே சராசரியாக எட்டு உருட்டல்கள் காத்திருக்க வேண்டும். ஐந்துக்கும் இறக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் அது நான்காகக் குறையும். ஒரு சொல் ஒப்பந்தத்தில் காத்திருப்பு பாதியாகிவிடுகிறது!

1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலான பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளை ஆராய்வோர், விருப்ப விதிகளையும் பாத்திரத்தை உச்சப் பலனுக்கு வடிவமைப்பதையும் அவ்விளையாட்டுகளுக்கே உரிய சிக்கலாகப் பேசுவதுண்டு. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் கூடுதல் சிறப்புத்திறன்களும், ஒரே பாத்திரம் இரு தொழில்களை ஏற்பதும் நடுவர் அனுமதித்தால் மட்டுமே உண்டு. அனுமதி மாறினால் எது வலிய பாத்திரம் என்பதும் மாறும். தாயத்தில் காய்கள் அனைத்தும் சமம். அங்கே செப்பம் பெறுவது பாத்திரமன்று, பாதை. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ‘சிறந்த ஆட்டம்’ என்பது முன்கூட்டிய உடன்பாட்டைச் சார்ந்தது என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது.

அவ்வுடன்பாட்டின் வரலாற்றை எங்கே தேடுவது? மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இருக்கிறார். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைக் கைப்பற்றிய பின், ஆட்சி இல்லாத அரசருக்கு ஆட்டங்களை வகுக்கப் பொழுதிருந்தது. ‘ஸ்ரீதத்துவநிதி’யின் கௌதுகநிதிப் பகுதியில் அவருடைய சீட்டாட்டங்கள் இடம்பெற்றன, சாமுண்டேஸ்வரி சாட் என்பதற்கு மட்டும் 320 சீட்டுகள். அரசர் வகுத்ததால் அவை ஏடேறின. (நாடு கைவிட்டுப் போனவர் விதி செய்ய எஞ்சியது பலகையும் சீட்டும்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.)

திண்ணைக்கு அந்த வாய்ப்பில்லை. கோயில் தளக்கற்களில் ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அளக்கலாம், படமெடுக்கலாம். அங்கே அமர்ந்தவர்கள் வெட்டைக் கட்டாயமாக்கினார்களா, எந்த எண்ணுக்குக் காய் இறக்கினார்கள் என்பதைக் கல் சொல்லாது. எனவே களப்பணிக்குச் செல்லும் மாணவர்களிடம் நான் ஒன்று வேண்டுவேன்: “இந்த ஆட்டத்தின் விதி என்ன?” என்று கேட்டால் ஒரே விடைதான் வரும், அதுவும் பெரும்பாலும் அவ்வீட்டில் மூத்த ஆண் சொல்வது. “ஆடத் தொடங்குமுன் எதைப் பேசி முடிவு செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அடுக்களையிலிருந்தும் ஒரு குரல் மறுத்து எழும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.